சாமி அரிசியும் புதுக்கருணையும்

எங்கள் வீட்டில் கீரையை விலைக்கு வாங்கியதே கிடையாது. மண்டகப்பட்டிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற வண்டிப்பாட்டையின் இரண்டு பக்கமும், கொல்லை வரப்புகளிலும், ஏரிக்கரைச் சரிவிலும் முளைத்துக் கிடப்பதெல்லாம் எங்களுடையது என்று நினைத்துத்தான் நான் வளர்ந்தேன். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான். எழுத்துக்கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். ஆனால் எந்தச் செடியும் முளைத்து இரண்டு இலை விட்டதுமே இது இன்ன கீரை என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நானும் அக்காவும் வெயில் ஏறுவதற்கு முன்னால் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். எனக்குப் பத்து வயதிருக்கும். அக்காவுக்குக் கல்யாண வயது வந்து, தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம்; அந்த மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டுகிறவர்கள் பிடுங்கிப் போடுகிற பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் எங்கள் கூடைக்கு வரும். வேலியில் கோவைக்காயும் முடக்கத்தானும் கிடைக்கும். ஏரி வற்றினால் சேற்றைக் கிளறிக் கொட்டிக்கிழங்கு எடுப்போம். அக்காவுக்குக் கையும் ஓயாது, வாயும் ஓயாது.

“இன்னாடி, கல்யாணப் பொண்ணு இன்னும் கீரைதான் கிள்ளிக்கினு இருக்கியா?” என்று களை வெட்டுகிற பெண்கள் வம்புக்கு இழுப்பார்கள்.

“மாப்ள கீரைக்கட்டத் தூக்கிக்கினுதான் வந்துக்கினு இருந்தாராம் அத்தே. வர்ற வழியில கட்டு அவுந்து போச்சாம். பொறுக்கிக்கினு இருக்காரு” என்பாள் அக்கா.

கொல்லையே சிரிக்கும். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். “பொம்பளக்கி இவ்ளோ வாய் ஆவாது” என்பாள். அக்காவை இரண்டு மூன்று பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. எங்களுக்கு இருந்தது ஒரு துண்டு மானாவாரி நிலம். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் போனார்கள். அம்மாவோ அக்காவின் வாய்தான் காரணம் என்று சாதித்தாள்.

அப்போது சண்டைக்காலம். பர்மா அரிசி நின்றுபோயிற்று என்று பேசிக்கொண்டார்கள். பர்மா எங்கே இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது. அனந்தபுரம் சந்தையில் அரிசி மூட்டை இருந்த இடத்தில் வெறும் சாக்கு கிடந்ததுதான் தெரியும். அந்த வருஷம் ஆடியிலிருந்தே மழையும் ஏமாற்றிவிட்டது. நிலத்தில் கேப்பை கதிர் பிடிக்காமலே காய்ந்தது. அதுவரைக்கும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இருந்த கீரை, புரட்டாசி பிறந்தபோது சோறாகவே ஆகிவிட்டது. ஒரு பானைக் கீரையை வேகவைத்து, கைப்பிடி கேப்பை மாவைத் தூவிக் கிண்டி, அதைத்தான் எல்லோரும் குடித்தோம். உப்பு இருந்தால் போடுவோம்.

பக்கத்து ஊரில் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று சொல்லி நிறையப் பேர் சட்டியோடு போனார்கள். அம்மா எங்களை விடவில்லை. “மண்ணு குடுத்துக்கினு இருக்கறப்ப மனுசன் கிட்ட இன்னாத்துக்குக் கையேந்தறது?” என்றாள். எங்கள் அம்மா அப்படித்தான். நானும் அப்படித்தான்.

ஆனால் கீரையும் எத்தனை நாளைக்கு வரும்? ஊரே கிள்ள ஆரம்பித்துவிட்டது. வரப்பெல்லாம் மொட்டையாகிவிட்டது. அப்புறம் அப்பா குன்று பக்கம் போய்க் காட்டுக்கருணை தோண்டிக்கொண்டு வந்தார். தண்டு பாம்புத்தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். தண்டு சாய்ந்து காய்ந்த இடத்தில் கடப்பாரை போட்டால் உள்ளே கிழங்கு இருக்கும். நல்ல கிழங்குதான், வயிறு நிறையும். ஆனால் காறும். பச்சையாகக் கை பட்டாலே நமைச்சல் எடுக்கும். சரியாக வேகாததைத் தின்றால் நாக்கு தடித்து, தொண்டைக்குள் முள்ளை வாரி இறைத்தது போல் ஆகிவிடும். அதனால் தோண்டிய கிழங்கை உடனே தின்ன மாட்டோம். பரணில் போட்டு ஒரு மாதமாவது ஈரம் வற்ற விடுவோம். பிறகு புளி போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைப்போம்.

அதற்கப்புறமும் ஒரு வேலை இருந்தது. அது என் வேலை. வெந்த கிழங்கில் நகத்தளவு கிள்ளி அம்மா என் நாக்கில் வைப்பாள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரியவர்கள் நாக்கு வெற்றிலை போட்டு மரத்துப்போனது. அக்கா வாயில் வைத்தால் பேச்சு பேச்சாகப் பேசி விழுங்கிவிடுவாள். என் நாக்கு பொய் சொல்லாது. காறுகிறது என்று நான் தலையசைத்தால் அம்மா சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றிவிடுவாள். பேசாமல் இருந்தால் எல்லோரும் சாப்பிட உட்காருவார்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கருணை காறியதில்லை.

அந்த வருஷக் கார்த்திகையில்தான் திண்டிவனத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ரயில் ரோட்டில் கேங்மேன் வேலை. ரயில்காரர்களுக்குத் தனியாக அரிசிக்கடை உண்டு என்றும், சண்டையோ பஞ்சமோ அங்கே அரிசி அளந்துவிடுவார்கள் என்றும் அப்பா கேள்விப்பட்டு வந்திருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை. “எம் பொண்ணு ஒருத்தியாவது ரெண்டு வேள அரிசிச் சோறு தின்னட்டும்” என்று அடுப்போடும் பேசினாள், உலக்கையோடும் பேசினாள்.

மாப்பிள்ளையின் அம்மாவும் அவளுடைய தம்பியும் அனந்தபுரத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, காலையில் மாட்டுவண்டியில் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அக்கா வந்து கும்பிட்டுவிட்டு, குனிந்த தலை நிமிராமல் உள்ளே போனாள். ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் சாப்பிட மாட்டார்கள். வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் அம்மா வெற்றிலை பாக்கு மட்டும்தான் தயாராக வைத்திருந்தாள். அந்தத் தாய்மாமன் தோள் துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டு, “இன்னாக்கா, எனக்குப் புடிச்சிருக்குது. கை நனைச்சிட்டே போயிடலாமா?” என்று கேட்டார். அந்த அம்மா கூரையைப் பார்த்தாள், அடுப்படியைப் பார்த்தாள். “சரி, நனைச்சிட்டே போவலாம்” என்றாள்.

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். அம்மா சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் வந்தாள். வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

வீட்டில் அரிசி என்று இருந்தது ஒரே ஒரு முடிச்சு. குலதெய்வத்துக்கென்று நல்ல காலத்தில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்தது. அத்தனை பட்டினியிலும் அம்மா அதைத் தொட்டதில்லை. கையெட்டும் தூரத்தில் அரிசியை வைத்துக்கொண்டு நாங்கள் கீரை தின்றோம்.

“யம்மா, சாமி அரிசியா?” என்றாள் அக்கா.

“சாமிக்கே மொதல்ல படைச்சிடறேன். அப்புறம் அவங்களுக்குப் போட்டா அது பிரசாதம். சாமி கோச்சிக்காது” என்றாள் அம்மா.

சரி, சோற்றுக்கு என்ன தொட்டுக்கொள்வது? சம்பந்தியாகப் போகிறவர்கள் இலையில் கீரையை வைத்தால் இல்லாத வீடு என்று ஊர் ஊராகச் சொல்லுவார்கள். என்னை வேலிக்குத் துரத்தினார்கள். நான் மடி நிறையக் கோவைக்காய் பறித்துக்கொண்டு ஓடிவந்தேன். அதில் ஒரு பொரியல் ஆயிற்று. கொள்ளு கொஞ்சம் இருந்தது, ரசம் ஆயிற்று. கறி மாதிரி ஒன்று இலையில் விழ வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. பரணில் பழைய கருணை தீர்ந்துபோயிருந்தது. அப்பா முந்தாநாள் தோண்டிவந்த புதுக்கிழங்குதான் சாம்பலில் கிடந்தது.

“புதுசும்மா” என்றேன்.

“தெரியுதுடி. ரெண்டு தண்ணிக்கி மூணு தண்ணி கொட்டறேன்.”

புளியும் இல்லை. புளியம்பிஞ்சைத் தட்டிப் போட்டாள், தழையைப் போட்டாள். மூன்று தண்ணீர் கொட்டினாள். பிறகு மிளகாய் அரைத்துப் பிரட்டி வறுத்தாள். வாசனை வெளியே போனதும், “இன்னா தங்கச்சி, கறியா?” என்று அந்த மாமன் குரல் கொடுத்தார். அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

நான் வழக்கம்போல் வாயைத் திறந்துகொண்டு பக்கத்தில் போய் நின்றேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

“அடி போடி. சாமி அரிசில பொங்கின படையலு. அதுக்கு முன்னால நாக்குல வெச்சி எச்சப் பண்ணுவியா?”

எங்களில் படையலுக்குச் சமைத்ததை ருசி பார்க்க மாட்டார்கள். உப்புக்கூட மனதால்தான் போடுவார்கள். முகர்ந்தும் பார்க்கக்கூடாது. சாமிக்குப் படைத்துக் கற்பூரம் காட்டிய கையோடு வந்தவர்களுக்குப் பரிமாற வேண்டும். நடுவில் வீட்டு மனுஷர்கள் வாயில் வைத்தால் வந்தவர்களுக்கு எச்சில் போட்டதாகிவிடும். அம்மா சட்டியைக் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்தாள். கற்பூரம் இல்லை, ஒரு திரியைக் கொளுத்திக் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு என்ன வேண்டிக்கொண்டாளோ. நான் அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆலிலை தைத்துப் போட்டு இரண்டு பேரையும் உட்கார வைத்தார்கள். அவர்கள் கையில் தண்ணீர் பட்டபோது அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

மாமன் முதலில் கருணையைத்தான் எடுத்தார். நன்றாக மென்றார், விழுங்கினார். இன்னொரு வாய் வைத்தார். அப்புறம் மெல்லுவதை நிறுத்தினார். தொண்டையைச் செருமினார், மறுபடி செருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது.

“இன்னாடா?” என்றாள் அந்த அம்மா. அவளும் ஒரு துண்டு வாயில் வைத்திருந்தாள். அவள் முகம் மாறியது. “இன்னாம்மா இது, நாக்கு நமநமன்னுது?”

“மொளகா கொஞ்சம் தூக்கலாப் போச்சிங்க” என்றாள் அம்மா.

“மொளகாய்க்கும் காறலுக்கும் வித்தியாசம் தெரியாத நாக்கா எங்களுது? எங்களக் கூப்ட்டு ஒக்கார வெச்சி இதப் போடறியே, நீ தின்னு பாத்தியா?”

அம்மா வாயைத் திறந்தாள். சாமிக்குப் படைத்தது, அதனால் பார்க்கவில்லை என்று சொன்னால் போதும். அந்த அம்மாவுக்கும் அது தெரிந்த வழக்கம்தான். ஆனால் சொன்னால் வீட்டில் வேறு அரிசி இல்லை என்பதும் வெளியே வந்துவிடும் என்று அம்மா வாயை மூடிக்கொண்டாள். அந்த அம்மாவின் கை இலையை மடிக்கப் போயிற்று. பாதியில் இலையை மடித்துவிட்டால் நனைத்த கை நனைத்ததாகாது.

அப்போது அக்கா கதவு மறைவிலிருந்து வெளியே வந்தாள். தலை குனிந்துதான் வந்தாள். சட்டியிலிருந்து ஒரு கைப்பிடி கருணையை அள்ளி வாயில் போட்டாள். மென்றாள், விழுங்கினாள். இன்னொரு கைப்பிடி. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இல்லை, காறவில்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள். சிரித்தாள்கூட. நகத்தளவு நாக்கில் பட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.  நான் என்ன செய்ய முடியும்? சட்டியைப் பிடுங்கினால் காறுகிறது என்று நானே சொன்னதாகிவிடும்.

அந்த அம்மா கையை எடுத்துக்கொண்டாள். மாமன், “பொண்ணு இவ்ளோ தின்னுது, நமக்குத்தான் ரயில் கரி தின்னு நாக்கு கெட்டுப்போச்சிக்கா” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்து இருமினார். இரண்டு பேரும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார்கள். கருணையைத் தொடவில்லை. ஆனால் சாப்பிட்டு முடித்தார்கள். அம்மா திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதோடு வெற்றிலை போட்டுக்கொண்டு போயிருந்தால் சரியாகப் போயிருக்கும். அந்த அம்மா பாக்கைக் கடித்துக்கொண்டே, “பொண்ணு இன்னும் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசலியே. இங்க வாம்மா, ஓம் பேரு இன்னா?” என்றாள்.

அக்கா வந்து நின்றாள்.

“பேரச் சொல்லும்மா.”

அக்கா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. உதடு தடித்திருந்தது. கடைவாயில் எச்சில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். மறுபடி முயன்றாள். துருத்தி ஊதுகிற மாதிரி ஒரு சத்தம்.

“கூச்சம்ங்க” என்றாள் அம்மா.

“கூச்சம்னா பேருகூடவா வராது? ஏம்மா, ஊமப் பொண்ணயா எங்க தலயில கட்டப் பாத்தீங்க?”

அப்பா எழுந்துவிட்டார். “ஐயையோ, எம் பொண்ணுங்களா? அது பேச ஆரம்பிச்சா...” என்றவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். வாயாடி என்று சொல்லவும் முடியவில்லை. கிழங்கு தின்று தொண்டை கட்டிக்கொண்டது என்று சொன்னால் காறுகிற கிழங்கைத் தெரிந்தே இலையில் வைத்தோம் என்றும், பெண் நடித்தாள் என்றும் ஆகும். சொல்லாவிட்டால் பெண் ஊமை. இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. அம்மா, அப்பா, அக்கா மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த மாமன் என்னைப் பார்த்தார். “பாப்பா, நீ சொல்லு. ஒங்க அக்கா பேசுவாளா?”

“நல்லாப் பேசும்” என்றேன்.

“அப்ப ஏன் இப்ப பேசல?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையில் உட்கார்ந்தாள். யார் வாசலிலும் போய் நிற்காத எங்கள் அம்மா அந்தப் பெண்பிள்ளையின் காலடியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

“கருண காறிச்சிங்க. புதுக் கெழங்கு. வூட்ல வேற ஒண்ணும் இல்ல. சாமிக்கி முடிஞ்சி வெச்ச அரிசிதான் நீங்க தின்னது. ஒங்க மானம் போவக்கூடாது, எங்க மானமும் போவக்கூடாதுன்னு எம் பொண்ணு முழுங்கிட்டா. வேணும்னு செய்யலிங்க.”

 அந்த அம்மா எழுந்து புடவையை உதறினாள். வண்டியில் ஏறும்போது, “சொல்லி அனுப்பறோம்” என்றார் மாமன். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அக்காவுக்கு அம்மா வெல்லம் கரைத்துக் கொடுத்தாள். பக்கத்து வீட்டில் மோர் வாங்கிக் கொடுத்தாள். அந்த வீட்டிலும் அதுவரை நாங்கள் எதுவும் கேட்டதில்லை. எதுவும் இறங்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு எச்சில் விழுங்கும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடினாள். அப்பா பரண் மேலேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் உச்சிப்பொழுதில் அந்த மாமன் மட்டும் வந்தார். சந்தைக்கு வந்த வழியாம். உட்காரச் சொல்லவும் எங்களுக்குத் தோன்றவில்லை. அவராகவே உட்கார்ந்தார்.

“எங்கக்கா ராத்திரி பூரா யோசன பண்ணிச்சி” என்றார். “மூத்த மருமவ வாய்க்காரி. வந்து வருசம் திரும்பறதுக்குள்ள தனியாப் போயிட்டா. வூட்ல ஒரே பேஜாரு. அதுக்குத்தான், இந்தப் பொண்ணு வாய் எப்பிடின்னு பாக்க, எங்கக்கா நேத்து பேரு கேட்டுச்சி. ஆனா ராத்திரி சொல்லிச்சி, ‘டேய், தொண்ட எரியறப்பவும் வாயத் தொறக்காம முழுங்கிச்சே ஒரு பொண்ணு, அதான்டா எனக்கு வேணும். நான் இன்னா சொன்னாலும் முழுங்கிக்கும்.’ தையில வெச்சிக்கலாம். ஜல்தியா ஒரு நாளப் பாருங்க.”

அப்பா அப்படியே கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா சாமி இருக்கிற பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அரிசி, அரிசி என்றுதான் அவள் காதில் விழுந்திருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் விழுந்தது.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தலையை ஆட்டினாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“இரு, மோரு தர்றேன்” என்றாள் அம்மா.

அக்கா மறுபடி தலையை ஆட்டினாள்.

“பொண்ணு இன்னா சொல்லுது?” என்றார் மாமன்.

“கூச்சம்ங்க” என்றார் அப்பா.

“அக்கா வேணான்னுதுப்பா” என்றேன்.

“சின்னப் புள்ள, வாய மூடு” என்று அம்மாவும் அப்பாவும் ஒரே குரலில் சொன்னார்கள். மாமன் சிரித்தார். அங்கேயே, அப்போதே, அப்பா வெற்றிலைத் தட்டை எடுத்து வந்தார். மாமன் தன் துண்டிலிருந்து பாக்கு எடுத்து வைத்தார். தட்டு கை மாறியது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா நீட்டிய மோரை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினாள்.

தொண்டை தெளிய இன்னும் சில நாள் ஆயிற்று. ஒரு காலையில் கூடையை எடுத்துக்கொண்டு, “வாடி, வெயில் ஏறுது” என்று என்னைக் கூப்பிட்டாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. ஏரிக்கரை வரைக்கும் நான் பொறுத்துக்கொண்டு போனேன். அப்புறம் கேட்டேன்.

“யக்கா, அன்னிக்கி இன்னா சொல்ல வந்த?”

“என்னிக்கி?”

“அந்த மாமா வந்தன்னிக்கி. தலய ஆட்டினியே. இப்பத்தான் பேச்சு வந்துடுச்சே, அம்மா கிட்ட சொல்லேன்.”

“தட்டு மாத்திட்டாங்கடி. இனிமே இன்னாத்தச் சொல்றது?” என்றாள். சரிவில் காய்ந்த புல்லுக்கு நடுவே கொஞ்சம் குப்பைக்கீரை தப்பிக் கிடந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து, வேர் அறுந்துவிடாமல் நுனியை மட்டும் கிள்ளிக் கூடையில் போட ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கிள்ளினேன்.